களக்காட்டு வட்டாரக் கதைப்பாடல்கள்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்மேற்கில், மலையடிவாரத்தில் உள்ள களக்காட்டையும் அதையடுத்த நாங்குநேரி, வள்ளியூர், பாபநாசம் பகுதிகளையும் களமாகக் கொண்ட நெடும்பாட்டுகள். பெரும்பாலானவை ஊர்க் கோயில்களின் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகின்றன. போரில் தோற்ற அரசர், சாதி கடந்து மணந்தவர், கொலையுண்டு தெய்வமானவர் ஆகியோரே இவற்றின் தலைமக்கள். பள்ளி வரலாற்றுப் பாடம் இவர்களில் பெரும்பாலோரைக் கண்டுகொண்டதில்லை.

வில்லிசையைத் தொடங்கியவர் அரசப்புலவர் என்பது பாடகர் மரபு. அவர் காலம் குறித்து ஒத்த கருத்து இல்லை. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேணாட்டு அரசர் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மர் களக்காட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். சோழகுலவல்லி என்ற அரசியின் பெயரால் ஊர் சோழகுலவல்லிபுரம் எனப்பட்டதாகக் கூறுவர். 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே ஊர் கைமாறியது. இங்குள்ள சத்தியவாகீசர் கோயிலின் ஒன்பதுநிலைக் கோபுரத்தில் இன்றும் காணப்படும் ஓவியங்கள் பெரும்பாலும் புராணக் காட்சிகளே. ஊரார் கதைக்குச் சுவர் கிடைக்கவில்லை. வில்லே அதைத் தாங்கியது.

அரசர் கதைகளில் முதன்மையானது 'ஐவர் ராசாக்கள் கதை'. வள்ளியூரில் ஆண்ட பாண்டியச் சகோதரர் ஐவரில் ஒருவரான குலசேகரன்மீது கன்னடிய அரசன் மகள் காதல் கொள்கிறாள். அவன் மறுக்கப் போர் மூள்கிறது. சிறைப்பட்ட குலசேகரன் அவளை மணக்காமல் உயிரை விடுகிறான், அவளும் உடன் மடிகிறாள். கன்னடியன் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விசயநகரப் படையெடுப்பின் நினைவு இது என்பர் சிலர். மதுரை நாயக்கர் வரலாற்று ஏடுகளில் விசுவநாத நாயக்கரை எதிர்த்ததாக வரும் 'பஞ்ச பாண்டியர்' இவர்களே என்பாரும் உளர். கல்வெட்டுகளில் வரும் தென்காசிப் பாண்டியர் வரிசையோடு கதை முழுதும் பொருந்துவதில்லை. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு கல்வெட்டு, கும்பினி ஆவணம், ஐரோப்பியர் குறிப்பு ஆகியவற்றையே பெரிதும் சார்ந்தது. பின்னர் மாவட்ட வரலாறு எழுதியவர்களும் அந்தத் தடத்திலேயே நடந்தனர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சில கதைகள் 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளாகச் சந்தையில் விற்றன.

இப்பாடல்கள் கல்வியுலகின் கண்ணில் பட்டது பெரிதும் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) ஒருவரால். பள்ளி ஆசிரியராக இருந்து பின்னர் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்வது பிழைப்பு, எந்தத் தேர்விலும் கேட்கப்படாத பாட்டுகளைத் திரட்டுவது வாழ்நாள் வேலை. பொதுவுடைமை இயக்கத் தொடர்பு இருந்ததால், ஊர்களில் பாட்டுச் சேகரித்துத் தரத் தோழர்கள் கிடைத்தனர். 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழ். குழுவில் கட்டுரை படித்தவர்களில் கல்லூரி ஆசிரியரும் உண்டு, பட்டம் பெறாதவரும் உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் முற்பகுதியில் அவர் பதிப்பில் முத்துப்பட்டன், காத்தவராயன், கட்டபொம்மு, கான்சாகிபு, ஐவர் ராசாக்கள் கதைகளை நூலாக்கியது. கொடை மேடையில் கேட்டவை இவ்வாறு நூலக அலமாரிக்கு வந்தன.

இவற்றுள் அதிகம் விவாதிக்கப்பட்டது முத்துப்பட்டன் கதை. சகோதரரோடு பிணங்கிய பிராமண இளைஞன் பாபநாசம் மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களைக் கண்டு மணம் கேட்கிறான். தந்தை வாலப்பகடை விதிக்கும் நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் களைந்து செருப்புத் தைக்கிறான். மணமான இரவே மாடு கவர வந்தவரோடு பொருது இறக்கிறான், மனைவியர் தீப்பாய்கின்றனர். சில வடிவங்களில், அப்பெண்கள் பிராமணக் குடியில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், பகடை வளர்த்தவர் மட்டுமே என்று வருகிறது. இது கலப்பு மணத்தின் கூர்மையை மழுக்கப் பின்னர் ஒட்டப்பட்டது என்பது வானமாமலையின் முடிபு. இத்தகைய பிறப்புக் கதைகள் சேர்வது, இறந்தவர் தெய்வமாக வளரும்போது எங்கும் நிகழ்வது என்ற விளக்கமும் உண்டு. மேடையில் பாடகர் கூட்டத்தைப் பார்த்துத்தான் வடிவத்தைத் தேர்கிறார் என்பதும் கருதத்தக்கது.

முத்துப்பட்டன் 'பட்டவராயன்' என்ற பெயரில், களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ள சொரிமுத்தையனார் கோயிலில் வழிபடப்படுகிறார். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் மிகுதி. காணிக்கை தோற்செருப்பு. அடுத்த ஆண்டு பார்த்தால் அது தேய்ந்திருக்கும், பட்டவராயன் காட்டில் அதை அணிந்து நடப்பார் என்பது நம்பிக்கை. அடியைத் திருப்பிப் பார்ப்பவர் இன்றும் உண்டு.

நிகழ்த்து முறையை விரிவாக எழுதியவர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (1988). கதைத்தலைவன் சாகும் இடத்தில் வீசுகோலும் உடுக்கையும் குடமும் வேகம் கொள்வதையும், சாமியாடி அங்கேயே ஆவேசம் கொள்வதையும் அவர் காட்டினார். கொலைப்பட்டுத் தெய்வமானவரைப் பாடகர்கள் 'வெட்டுப்பட்ட வாதை' என்பர். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தனித்துறையாக வளர்ந்தது. நாகர்கோவிலில் அ. கா. பெருமாள் பல கதைகளைப் பதிப்பித்தார்.

காந்தி கதையை வில்லில் பாடிப் பெயர்பெற்ற நெல்லைச் சீமைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்று 2022இல் மறைந்தார். 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'நிகழ்கலை' என்ற பாடம் இடம்பெற்றது. அது கலைவடிவங்களைப் பற்றியது. மொழிப்பாடத்தில் உள்ளது, வரலாற்றுப் பாடத்தில் அன்று.