குறும்பி வாங்கிய வரலாறு

பழைய தில்லிக் கடைவீதிகளில், சிவப்புத் தலைப்பாகையில் மெல்லிய கம்பியைச் செருகியவாறு வலம் வரும் காது சுத்தம் செய்வோரை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர்தம் கருவி மிகத் தொன்மையானது. காதைப் பற்றிய நோய்களை 28 என வகுத்த சுசுருத சங்கிதை, இறுகிய குறும்பியையும் 'கர்ணகூதம்' என்று அவற்றுள் ஒன்றாக எண்ணியது. அது கூறும் சிகிச்சைக்குப் படிகள் மூன்று: எண்ணெயால் ஊறவைத்தல், வெப்பத்தால் இளக்குதல், பின்னர் மருத்துவன் சலாகையால் அகற்றுதல்.

சலாகை வல்லவன் கைக்கு உரியது என்பதை நாம் மறந்தோம். இன்று வீடுதோறும் பஞ்சு சுற்றிய குச்சி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. அதுவோ குறும்பியை உள்ளே தள்ளுகிறது. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆழத்தில் செவிப்பறை இருக்கிறது.

குறும்பி அழுக்கன்று, செவிக்குக் காப்பு. பெரும்பாலும் அது தானே வெளியேறும். அடைத்துக்கொண்டால், சூடாக்காத ஆலிவ் எண்ணெயை இரண்டு மூன்று துளிகள் சில நாட்கள் இட்டு இளகவிடலாம். வலி, சீழ், செவிப்பறையில் துளை ஆகியவை இருப்பின் எண்ணெயும் ஆகாது; மருத்துவரையே நாடவேண்டும். ஆக, பண்டையோர் வகுத்த மூன்று படிகளுள் வீட்டில் நமக்கு உரியது முதற்படி ஒன்றே.