பாடலாசிரியரும் பாடும் சபையும்: சேலம் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சேலம் நகரிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்தது அஸ்தம்பட்டி. அங்குள்ள தென்னிந்தியத் திருச்சபையின் இம்மானுவேல் ஆலயம் போன்ற நகரச் சபைகளின் வழிபாட்டில் மூவகைப் பாடல்கள் இடம்பெறக் காண்கிறோம். ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு ஒன்று. இராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்பெற்ற கீர்த்தனை ஒன்று. கித்தாரும் மின்னிசைப் பெட்டியும் துணைவர, இளைஞர் கைதட்டிப் பாடும் அண்மைக் காலப் பாடல் ஒன்று. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் (3:16) பவுல் அப்போஸ்தலர் குறிப்பிடும் மூவகைப் பாடல்களும் ஒரே கூரையின்கீழ் ஒலிக்கின்றன எனலாம். ஆயினும் இவற்றை இயற்றியோர் ஒரே நோக்குடன் இயற்றியவரல்லர். பாடல் இயற்றுவோன் எதை முதலில் எண்ண வேண்டும்? சொல்லையா, மெட்டையா, உபதேசத்தையா? இம்மூன்றிற்கும் முன்னர் எழவேண்டிய வினா ஒன்று உண்டு: இதனைப் பாடப்போகிறவர் யார்? தமிழ்த் திருச்சபைப் பாடலின் வரலாற்றை இவ்வினாவின் ஒளியில் ஆராய்வதே நமது நோக்கம்.

1. மொழிபெயர்ப்புப் பாடல்

1706-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் ஊழியம் தன் சபைக்குப் பாடலைக் கொடுக்க விரும்பியபோது, ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்குவதே முதல் வழியாயிற்று. இப்பணியில் தலைசிறந்தவர் யோவான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791). சபையார் அனைவரும் வாய்திறந்து பாடவேண்டும் என்பது லுத்தரின் சீர்திருத்தக் கொள்கை. அக்கொள்கையே இம்மொழிபெயர்ப்புகளுக்கு உயிர்.

எனினும் இங்குத் தமிழின் இயல்பு இடர்ப்பட்டது. தமிழ்ச் செய்யுளின் ஓசை குறில் நெடில் அளவைச் சார்ந்தது. ஐரோப்பிய மெட்டோ அழுத்தமான தட்டும் மென்மையான தட்டும் மாறிமாறி வருவது. நெடில் வரவேண்டிய இடத்தில் குறில் நீண்டொலிக்கும். சொல்லின் நடுவே தட்டு விழும். அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் தேடும் தமிழ்ச் செவிக்கு, அடியின் ஈற்றில் இயைபு கோக்கும் முறை அயலானது. இத்துணைத் தடைகளுக்கிடையேயும் அப்பாடல்கள் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தன என்றால், அவை சுமந்த நற்செய்தியின் வலிமையும், மரணப் படுக்கையருகேயும் கல்லறை ஓரத்திலும் மக்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டமையுமே காரணம். மெட்டு அயலாயிருந்தும் பாடுவோர் பாடலை வென்றெடுத்தனர்.

2. தஞ்சையில் எழுந்த வழக்கு

தமிழிசையிலேயே வழிபாட்டுப் பாடலை வளர்த்தவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியுடன் உடன்கற்றவர். குறவஞ்சி என்னும் நாடக வடிவைக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர். அவர் கையாண்ட கீர்த்தனை வடிவம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்டது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பாடல் பல்லவிக்கே திரும்பும். எழுத்தறியாத ஒருவரும் பல்லவியை மனத்தில் கொண்டு, முன்பாடுவோரைப் பின்பற்றிப் பாடலாம். சரணம் கற்பிக்கும், பல்லவி அறிக்கை செய்யும். உபதேசமும் சபையின் மறுமொழியும் ஒரு வடிவிலேயே இணைந்துள்ளமை கருதத்தக்கது.

சாஸ்திரியாரின் வாழ்வில் 1829-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெரும் வழக்கு எழுந்தது. அக்காலத் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார்மீது அவர் நான்கு குற்றச்சாட்டுகளைக் கூறினார். பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை ஒதுக்கிப் புதிய திருமறை மொழிபெயர்ப்பைப் புகுத்தியமை, சபையில் வெவ்வேறு சாதியாரை ஒன்றாகச் சேரும்படி வற்புறுத்தியமை, விழாக்களில் மலரை விலக்கியமை, வழிபாட்டில் தமிழ்ப் பாடலையும் இசையையும் தடுத்தமை என்பன அவை.

இப்பட்டியலை நாம் நேர்மையுடன் நோக்கவேண்டும். தமிழிசைக்காக வாதாடிய அதே எழுதுகோல் சாதி வேற்றுமைக்காகவும் வாதாடிற்று. மறுபுறம், கர்த்தருடைய பந்தியில் அனைவரும் சமம் என்று வற்புறுத்தியவர்களே சபையின் நாவிலிருந்து அதன் சொந்த இசையை எடுத்துவிட முயன்றனர். ஒவ்வொரு சாராரிடத்தும் ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்திருந்தன. சாஸ்திரியாரைப் போற்றுவோர் அவருடைய சாதி வாதத்தை மறைப்பதும், சாதியைக் கண்டிப்போர் அவருடைய இசையை இகழ்வதும் வரலாற்றுக்கு நியாயமாகா.

இசையும் சாதியும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தவையோ? இவ்வினாவிற்கு மதுரையிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1847-ல் சாதியைக் கைவிடாதவருக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று தீர்மானித்தது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர்தாம், 1853-ல் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் உள்ளடக்கிய கீர்த்தனைத் தொகுப்பைச் சபை வழிபாட்டுக்கென வெளியிட்டார். சாதியை மறுத்த சபையே சாஸ்திரியாரின் கீர்த்தனையை ஏற்றது. பாடல் தன்னை இயற்றியவரின் குறுகிய எல்லையைக் கடந்துசெல்லக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. சேலம், ஈரோடு: இலண்டன் மிஷனின் பங்கு

சேலத்தில் இலண்டன் மிஷன் ஊழியத்தை 1827-ல் ஹென்றி கிரிஸ்ப் தொடங்கினார். 1840-ல் வந்த லெக்லர் ஐயரின் பெயரைச் சேலம் கோட்டையிலுள்ள ஆலயம் இன்றும் தாங்கி நிற்கிறது. இச்சங்கத்தார் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர். அம்மரபின் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் (1674–1748). பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்களை மட்டுமே பாடிவந்த ஆங்கிலச் சபைகளில், கிறிஸ்துவை அறிந்தவர்கள் தங்கள் சொந்தச் சொற்களால் அவரைப் பாடவேண்டும் என்று வாதாடி 1707-ல் தம் பாடல்களை வெளியிட்டவர் அவர். அவ்வாதத்தை ஆங்கிலச் சபைக்குப் பொருத்தியவர்கள் தமிழ்ச் சபைக்கும் பொருத்தவேண்டுமன்றோ? 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது, இலண்டன் மிஷன் சபைகளும் அமெரிக்க மதுரை மிஷன் சபைகளும் ஓருடலாயின. மதுரையார் போற்றிய கீர்த்தனை மரபும் சேலத்தாருக்கு உடைமையாயிற்று.

இத்தருணத்தில் குறிப்பிடத்தக்கவர், ஈரோட்டை மையமாகக் கொண்டு ஊழியஞ்செய்த எச். ஏ. பாப்லி (1878–1960). இசைவழி நற்செய்திப் பணிக்கான கையேடு ஒன்றை எல். ஐ. ஸ்டீபனுடன் இணைந்து 1914-ல் வெளியிட்டார். 1921-ல் இந்திய இசையைப் பற்றிய ஆங்கில நூலை எழுதினார். 1931-ல் திருக்குறளின் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தார். நற்செய்தியைக் கதாகாலட்சேபமாகப் பாடிச் சொல்லும் முறையை ஊக்குவித்தார். இராகத்தையும் தாளத்தையும் முறையாகக் கற்காமல் அவற்றைக் கையாளலாகாது என்பதை அவரது உழைப்பே போதிக்கிறது. சேலத்தில் பிறந்து, 1905-ல் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவியோருள் ஒருவராய் விளங்கிய கே. டி. பாலின் (1876–1931) வரலாற்றை 1938-ல் எழுதியவரும் இவரே. திருச்சபை இம்மண்ணில் வேரூன்ற வேண்டும் என்று உழைத்த பாலும், அதன் பாடல் இம்மண்ணின் இசையில் ஒலிக்க வேண்டும் என்று உழைத்த பாப்லியும் ஒரே காலத்தின் ஒரே விழைவுக்குக் குரல் கொடுத்தவர்கள்.

4. விடுபட்ட இசை

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. அரசவையிலும் கச்சேரி மேடையிலும் பண்பட்ட இசை கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் அன்றாட இசையன்று. அங்கு ஒலித்தவை உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதை, கும்மி, ஒப்பாரி, நாற்று நடுவோர் பாட்டு, பறை. சபைகளில் பெருந்தொகையினராய்ச் சேர்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நாவிலும் கையிலும் இருந்தவை இவையே. இவை ஏன் ஆலயத்திற்குள் நுழையவில்லை? மிஷனெரிமாரின் தயக்கத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. பறையடித்தல் சாவு வீட்டு ஊழியமாக ஊரார் சுமத்திய இழிவாயிருந்தது. கிறிஸ்துவினிடம் வந்தவர்கள் பலர் அவ்விழிவோடு பறையையும் உதறித் தள்ளினர். அவர்களுக்குக் கீர்த்தனை பாடுதல் மதிப்பின் அடையாளம். அந்த ஏக்கத்தை நாம் இகழலாகாது.

அதே மக்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் வேறொரு வினாவை எழுப்பினர்: எங்கள் முன்னோரின் இசையா இழிந்தது, அவர்கள்மேல் சுமத்தப்பட்ட நிலையா? மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை அண்ணன்’ என்னும் பெயரால் அறியப்பட்டவர், இவ்வினாவை வழிபாடாகவே வடித்தார். 1990களில் அவர் அமைத்த நாட்டுப்புற இசை வழிபாட்டில் பறை ஆராதனைக் கருவியாயிற்று. பேச்சுத் தமிழ் மன்றாட்டின் மொழியாயிற்று. ஒரே உலையில் சமைத்துக் கூடியுண்ணும் வாழ்வு திருவிருந்தின் பொருளாயிற்று. மக்கள் தம் பாடலை மாற்றிப் பாடுவதை அவர் தவறாகக் கருதவில்லை. பாடுவோர் தங்கள் சொல்லைச் சேர்க்கும்போதுதான் பாடல் அவர்களுடையதாகிறது என்று கருதினார். 1847-ல் பந்தியைக் கொண்டு கேட்கப்பட்ட கேள்வி இங்குப் பாடலைக் கொண்டே கேட்கப்பட்டது.

5. நாம் கற்பன

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகளைத் தெளிகிறோம். முதலாவது, எந்த மெட்டும் வெறும் ஒலியன்று; அது யாருடைய வீட்டிலிருந்து வந்தது, யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதைப் பாடலாசிரியர் ஆராயவேண்டும். இரண்டாவது, மெட்டின் பிறப்பிடம் அதன் முடிவான விதியன்று. ஜெர்மானிய மெட்டைத் தமிழ் விதவை தன் ஆறுதலாக்கினாள். சாஸ்திரியாரின் கீர்த்தனையைச் சாதி மறுத்த சபை தன் அறிக்கையாக்கிற்று. இழிவின் கருவியான பறை துதியின் கருவியாயிற்று. மூன்றாவது, பாடல் ஒன்றாகி, பந்தி பிளவுபட்டு நிற்குமாயின், அப்பாடல் இன்னும் முற்றுப்பெறவில்லை.

இன்று எழும் புதிய பாடல்களையும் இவ்வளவுகோல்களாலேயே அளக்கவேண்டும். அவை தாளக்கட்டு மிக்கவை என்பதாலோ, ஒலிபெருக்கி நாடுபவை என்பதாலோ அவற்றைத் தள்ளுதல் தகாது. கீர்த்தனையும் ஒருகாலத்தில் தள்ளப்பட்டதே. ஆனால் தன்மை ஒருமையிலேயே முழுதும் அமைந்து, ‘நான்’ என்பதை விட்டு ‘நாம்’ என்பதற்கு ஒருபோதும் வாராத பாடல், சபையைக் கேட்போர் கூட்டமாக்கிவிடும் அபாயம் உண்டு. மேடையிலுள்ளோர் மட்டும் பாடத்தக்க மெட்டு, கச்சேரி இராகமாயினும் திரையிசைச் சாயலாயினும், ஒரே குறையுடையது.

ஆகவே இறையியல் மாணவரும் ஆயரும் புதிய பாடலொன்றை இயற்றவோ தெரிந்துகொள்ளவோ முற்படும்போது, அதனை முதலில் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரோடு பாடிப்பார்ப்பாராக. புத்தகமின்றி அவரால் பல்லவியைப் பாட இயலுகிறதா? அவரது உழைப்பும் துயரமும் அதில் இடம்பெறுகின்றனவா? அவருக்கு அருகில் அமரத் தயங்குகிறவரும் அதே பாடலைப் பாடும்போது வெட்கமடைந்து மனந்திரும்ப இடமுண்டா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை கூறும் பாடலே, எவ்விராகத்தில் அமைந்திருப்பினும், திருச்சபையின் பாடல் எனத் தகும்.