ஹால்ஸ்டாட்

ஹால்ஸ்டாட் என்பது ஆஸ்திரியா நாட்டின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். தொன்மையான உப்புச் சுரங்கத்துக்கும், ஏரிக்கரையை ஒட்டி மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழும் வீடுகளுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலப் பண்பாடு இவ்வூரின் பெயரால் ஹால்ஸ்டாட் பண்பாடு என அழைக்கப்படுகிறது. 1997 ஆம் ஆண்டில் ஹால்ஸ்டாட்டும் அதனைச் சூழ்ந்த டாக்ஸ்டைன் மலை, சால்ஸ்காமர்கூட் பகுதிகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. இங்கு வசிப்போர் ஏறத்தாழ 750 பேர் மட்டுமே. ஆனால் சுற்றுலாப் பருவத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து செல்வதுண்டு.

அமைவிடமும் பெயரும்

ஹால்ஸ்டாட் ஏரியின் மேற்குக் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 510 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. டிரவுன் ஆறு இந்த ஏரியினூடாகப் பாய்கிறது. ஏரியின் பரப்பளவு ஏறத்தாழ 8.5 சதுர கிலோமீட்டர். மிகக் கூடிய ஆழம் 125 மீட்டர். தெற்கே ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள டாக்ஸ்டைன் மலைத்திரள் காணப்படுகிறது.

ஊரின் பெயரில் உள்ள 'ஹால்' என்னும் பகுதி உப்புத் தொழிலோடு தொடர்புடையது. ஹாலைன், ஹாலே, பாட் ரைஹென்ஹால் ஆகிய பிற உப்பு ஊர்களின் பெயர்களிலும் இதனைக் காணலாம்.

மலைக்கும் நீருக்கும் இடையே எஞ்சியுள்ள நிலம் மிகக் குறுகியது. சில இடங்களில் இரண்டு மூன்று வரிசை வீடுகளுக்கு மேல் இடமில்லை. இவ்வூரின் வீடுகள், பாதைகள், கல்லறைகள் ஆகியவற்றின் அமைப்பைப் புரிந்துகொள்ள இவ்விடநெருக்கடியை மனத்திற்கொள்வது தேவையாகும்.

உப்புச் சுரங்கம்

வாழ்வதற்கு இவ்வளவு கடினமான இடத்தில் மக்கள் குடியேறியதற்குக் காரணம் உப்பேயாகும். ஊருக்கு மேலே ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கில் பாறை உப்புப் படிவுகள் உள்ளன. இங்கு கிடைத்த மான்கொம்புக் கோடரி ஒன்று ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் பழமையானது என மதிப்பிடப்பட்டுள்ளது. வெண்கலக் காலத்தில், அதாவது கிமு இரண்டாம் ஆயிரவாண்டிலேயே, சுரங்கப் பணி பெரிய அளவில் நடைபெற்றது.

உப்பு பொருட்களை அழுகவிடாது காக்கும் இயல்புடையது. ஆகவே மற்ற தொல்லியல் களங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும் மரம், தோல், கம்பளித் துணி, கயிறு போன்றவை இங்கு கெடாமல் கிடைத்துள்ளன. மாட்டுத் தோலால் செய்த சுமைப்பைகள், வெளிச்சத்துக்காக எரித்த மரக்குச்சிகள், சாயமேற்றிய துணித் துண்டுகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். 2003 ஆம் ஆண்டளவில் கண்டெடுக்கப்பட்ட மரப் படிக்கட்டின் காலம், மர வளையங்களைக் கொண்டு கிமு 1344 எனக் கணிக்கப்பட்டது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மரப் படிக்கட்டுகளுள் இதுவே மிகப் பழமையானது எனக் கருதப்படுகிறது.

சுரங்கத் தொழிலாளரின் மலம்கூட உப்பில் காய்ந்து எஞ்சியுள்ளது. 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாதிரியில், நீலப் பாலாடைக்கட்டி செய்யவும் பியர் காய்ச்சவும் உதவும் பூஞ்சைகளின் மரபணுத் தடயங்களைக் கண்டறிந்தது. அரண்மனைகளைப் பற்றியே மிகுதியாகப் பேசும் ஐரோப்பிய வரலாற்றில், உழைத்த மக்கள் உண்டது என்ன என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சான்று அரிது.

1734 ஆம் ஆண்டில் சுரங்கத்தினுள் பழங்காலத் தொழிலாளி ஒருவரின் உடல் உப்பில் பதிந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் அதன் அருமை அறியப்படவில்லை. உடல் ஊரில் புதைக்கப்பட்டதால் இன்று ஆய்வுக்கு ஏதும் எஞ்சவில்லை.

இடைக்காலத்தில் உப்பு ஹாப்ஸ்பர்க் அரச குலத்தின் முக்கிய வருவாயாக விளங்கியது. சுரங்கத்தைக் காப்பதற்காக 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருடால்ஃப் கோபுரம் கட்டப்பட்டது. 1311 இல் அரசி எலிசபெத் இவ்வூருக்குச் சந்தை உரிமையை வழங்கினார். உப்புநீரைக் காய்ச்சப் பெருமளவு விறகு தேவைப்பட்டதால் சுற்றுப்புறக் காடுகள் குறைந்தன. விறகைக் கொண்டுவருவதைவிட உப்புநீரை விறகு உள்ள இடத்துக்கு அனுப்புவது எளிது எனக் கண்டு, 1595 முதல் 1607 வரை எபென்சே வரையிலான ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுக்குக் குழாய்வழி அமைத்தனர். உள்ளே துளையிடப்பட்ட ஏறத்தாழ 13,000 மரத்தண்டுகள் இதற்குப் பயன்பட்டன. குழாய்கள் மாற்றப்பட்டுவிட்டாலும், ஹால்ஸ்டாட்டின் உப்புநீர் இன்றும் எபென்சேக்கே அனுப்பப்படுகிறது.

கல்லறைக் களமும் ஹால்ஸ்டாட் பண்பாடும்

1846 இல் சுரங்க அலுவலரான யோஹான் கியோர்க் ராம்சவுவர் மேல் பள்ளத்தாக்கில் தொன்மையான கல்லறைகளைக் கண்டார். 1863 வரை அவர் 980 கல்லறைகளை அகழ்ந்தார். ராம்சவுவர் பயிற்சி பெற்ற தொல்லியலாளர் அல்லர். தொல்லியல் என்னும் துறையே அப்போது உருப்பெறத் தொடங்கியிருந்தது. எனினும் ஒவ்வொரு கல்லறையையும் எண்ணிட்டு, எலும்புகளும் பொருட்களும் கிடந்த நிலையை நீர்வண்ண ஓவியங்களாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். புதையல் தேடலே அகழாய்வாகக் கருதப்பட்ட அக்காலத்தில் இது வியப்புக்குரிய செயலாகும்.

வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வாள்கள், பால்டிக் கடற்பகுதியின் அம்பர் மணிகள், யானைத் தந்தக் கைப்பிடி கொண்ட வாள் ஆகியவை இங்கு கிடைத்துள்ளன. உப்பின் வணிகம் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதற்கு இவை சான்றாகும். அதே வேளையில், எலும்புகளில் காணப்படும் தேய்மானங்கள் பெண்களும் சிறுவரும்கூடச் சுமை தூக்கியதைக் காட்டுகின்றன. 1874 இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஹில்டெபிரான்ட், நடு ஐரோப்பாவின் முந்தைய இரும்புக் காலத்துக்கு ஹால்ஸ்டாட் என்னும் பெயரைப் பயன்படுத்தினார். இது பொதுவாகக் கிமு 800 முதல் கிமு 450 வரையிலான காலத்தைக் குறிக்கும். கண்டெடுக்கப்பட்ட பொருட்களுள் பெரும்பகுதி வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹால்ஸ்டாட்டிலும் ஒரு அருங்காட்சியகம் உண்டு.

ஊரின் அமைப்பு

1750 இல் ஏற்பட்ட பெருந்தீயில் ஊரின் நடுப்பகுதி அழிந்தது. இன்று காணப்படும் சந்தைச் சதுக்கம் அதன் பின்னர் எழுந்ததாகும். காய்ச்சும் ஆலைகள் தெற்கே லான் என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டன. வீடுகள் செங்குத்தான சரிவில் அமைந்துள்ளதால், பலவற்றுக்கு மேல் மாடியிலும் நுழைவாயில் உண்டு. தோட்டம் இடுவதற்கு நிலம் இல்லாமையால் பேரி மரங்களை வீட்டுச் சுவரோடு தட்டையாகப் படரவிட்டு வளர்க்கின்றனர். கிறித்துவின் திருவுடல் பெருவிழாவின் பவனி படகுகளில் ஏரியின் மீது நடைபெறுகிறது. மேற்குக் கரையில் சாலை 1890 ஆம் ஆண்டில்தான் அமைக்கப்பட்டது. அதுவரை படகே முதன்மையான போக்குவரத்தாக இருந்தது. 1966 இல் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கச் சாலை ஊர்தி நெரிசலிலிருந்து ஊரைக் காத்தது.

எலும்பு இல்லம்

கத்தோலிக்க ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. புதியவர்களுக்கு இடம் தேவைப்பட்டபோது, 10 முதல் 20 ஆண்டுகளுக்குப் பின் பழைய கல்லறைகள் திறக்கப்பட்டன. எடுக்கப்பட்ட மண்டையோடுகள் வெயிலில் வெளுக்கவைக்கப்பட்டு, அருகிலுள்ள புனித மிக்கேல் சிற்றாலயத்தின் கீழறையில் அடுக்கப்பட்டன. இங்குள்ள ஏறத்தாழ 1,200 மண்டையோடுகளுள் 600க்கும் மேற்பட்டவற்றில் இறந்தவரின் பெயரும், பூக்கள், இலை வளையங்கள் போன்ற ஓவியங்களும் தீட்டப்பட்டுள்ளன. குடும்ப வாரியாக இவை வைக்கப்பட்டுள்ளன. கடைசி மண்டையோடு 1995 இல் சேர்க்கப்பட்டது. அச்சமூட்டும் காட்சியாகப் பயண நூல்கள் சில இதனை வருணித்தாலும், இறந்தவரின் பெயர் மறையாதிருக்க ஊரார் செய்த ஏற்பாடாக இதனைக் கொள்வதே பொருத்தமாகும்.

சுற்றுலாவும் இடநெருக்கடியும்

19 ஆம் நூற்றாண்டில் ஓவியர்களும் மலையேறுவோரும் இங்கு வரத் தொடங்கினர். 2006 இல் ஒளிபரப்பான தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சில காட்சிகள் இங்கு படமாக்கப்பட்டதால் கிழக்காசியாவில் இவ்வூர் அறிமுகமானது. 2012 இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஹால்ஸ்டாட்டைப் போலவே ஒரு குடியிருப்பு ஆலயத்தோடு கட்டித் திறக்கப்பட்டது. தம் ஊர் நகலெடுக்கப்படுவதை முன்கூட்டி அறியாத ஊரார் முதலில் சினமுற்றனர். பின்னர் ஊர்த் தலைவரே திறப்பு விழாவில் பங்கேற்றார். 2013 இல் வெளியான 'ஃபுரோசன்' என்ற அசைவூட்டப் படத்தின் கற்பனை நகரம் இவ்வூரைப் பார்த்து வரையப்பட்டது என்ற பேச்சும் கூட்டத்தைப் பெருக்கியது. ஆயினும் அப்படத்துக்கு நார்வே நாட்டின் நிலக்காட்சிகளே அடிப்படையாகும்.

2020 மே மாதம் முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்த நேரத்தில் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. 2023 மே மாதத்தில், படம் எடுப்போரின் இரைச்சலைக் குறைக்கும் பொருட்டுப் புகழ்பெற்ற காட்சியிடத்தில் மரத்தடுப்பு ஒன்று வைக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகச் சில நாட்களில் அகற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஊரார் சாலையில் இறங்கிப் போராடி, நாள்தோறும் வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பும், மாலைக்குப் பின் பேருந்துகளுக்குத் தடையும் கோரினர். மறுபுறம், ஊரின் வருவாய்க்குச் சுற்றுலாவே இன்றியமையாததாக உள்ளதால் ஊராரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வருவோரில் பலர் ஓரிரு மணி நேரம் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துத் திரும்பிவிடுகின்றனர். மேல் பள்ளத்தாக்குக்கும் அருங்காட்சியகத்துக்கும் செல்வோர் அவர்களுள் ஒரு பகுதியினரே.

சென்றடைதல்

தொடருந்து நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் உள்ளது. தொடருந்து வரும் நேரத்துக்கு ஏற்ப அங்கிருந்து படகு புறப்படுகிறது. 1877 இல் தொடங்கப்பட்ட இத்தொடருந்துப் பாதையில், சால்ஸ்பர்க்கிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் வருவோர் வழக்கமாக ஆட்னாங்-புக்ஹைம் சந்திப்பில் வண்டி மாறுகின்றனர். சுரங்கத்தின் திறப்புக் காலம் பருவத்துக்குப் பருவம் மாறுபடும். நண்பகல் நேரத்திலேயே கூட்டம் மிகுதி என்பதால், ஊரில் இரவு தங்குவோர் விடியற்காலையில் அமைதியான தெருக்களைக் காணலாம்.