வலையமைப்பு விலையிடல்

தொடர்பு வலையமைப்பின் கொள்திறனைப் பயனர்களிடையே பங்கிட விலையைக் கருவியாகக் கொள்ளும் முறை. தடத்தில் நெரிசல் மிகும்போது ஒருவர் அனுப்பும் தரவு பிறருடையதைத் தாமதப்படுத்துகிறது. அந்தச் சுமையை அனுப்புபவரே உணரச் செய்வது இதன் நோக்கம்.

1990களில் அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜெஃப்ரி மெக்கி-மேசன், ஹால் வேரியன் இருவரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் (தரவு பிரித்து அனுப்பப்படும் சிறு துண்டு) ஓர் ஏலத்தொகையை இணைக்கலாம் என்றனர். உயர்ந்த தொகை கொண்டவை முதலில் செல்லும். ஆனால் கட்டணம் அவரவர் கேட்ட தொகையன்று. இடம் கிடைக்காதவற்றுள் மிக உயர்ந்த தொகையே. ஆகவே தம் தேவையின் உண்மை மதிப்பை மறைப்பதில் எவருக்கும் ஆதாயமில்லை.

இத்துறையின் மிக ஆழமான பங்களிப்பு, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட கட்டுரை. ஒவ்வொரு தடமும் தன் சுமைக்கேற்ப ‘நிழல் விலை’ ஒன்றை அறிவிக்க, பயனர்கள் அதைப் பார்த்துத் தம் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். மையக் கட்டுப்பாடின்றி விகித நியாயமுள்ள பங்கீடு (ஒருவரின் விகித ஆதாயம் பிறரின் மொத்த விகித இழப்பை மிஞ்ச முடியாத பங்கீடு) தானே அமையும் என்று அது நிறுவியது. இவ்விலை பணமாக இருக்க வேண்டியதில்லை. நெரிசலை உணர்த்தும் சைகையாக இருந்தால் போதும்; நெரிசலில் நேரும் பொட்டல இழப்பும் அத்தகைய சைகையே. இணையத்தில் தரவு அனுப்பும் வேகத்தை நெரிசலுக்கேற்ப மாற்றும் டிசிபி நெறிமுறையைப் புரிந்துகொள்ள இப்பார்வை பெரிதும் உதவியது.

பயனர்கள் முன்கூட்டித் தெரிந்த, எளிய கட்டணத்தையே விரும்புவது உள்ளிட்ட காரணங்களால் பொட்டல ஏலமுறை பொது இணையத்தில் நடைமுறைக்கு வரவில்லை.