கைக்குறி பார்க்கும் விசுவாசம்: வேதநாயகம் சாஸ்திரியாரைச் சேர்த்து வாசித்தல்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைப் (1774–1864) பற்றி இரண்டு வரலாறுகள் தனித்தனியே எழுதப்பட்டு வருகின்றன. இலக்கிய வரலாறு அவரைக் கிறிஸ்தவ பக்திக்குத் தமிழிசையும் சிற்றிலக்கிய வடிவமும் தந்த கவிராயராகக் காண்கிறது. சமூக வரலாறோ, திருச்சபைக்குள் சாதியாசாரத்துக்காக வாதாடிய வேளாளராகக் காண்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்பதும், அவருடைய சாதி நிலைப்பாட்டை நிறுக்கும் படிக்கல் அவருடைய குறவஞ்சியிலேயே கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வகுப்பறையிலிருந்து வந்த வடிவம்

சாஸ்திரியார் முதலில் ஆசிரியர். நெல்லைச் சீமையில் பிறந்த சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தவர் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். தரங்கம்பாடியில் இறையியல் பயின்றபின், 19 வயதில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் கல்வி பெற்றவரே.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டு 1800இல் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சியை விளங்கிக்கொள்ள முடியாது. அதில் கிறிஸ்து பவனி வரும் தலைவன். சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி மையல் கொண்ட தலைவி. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசத்தின் உருவகம். குறத்தி தான் கண்ட மலையையும் நாட்டையும் அடுக்கிச் சொல்வது குறவஞ்சி மரபு. அந்த அடுக்கு நிலநூல் பாடத்துக்கு இயல்பாகவே இடம் கொடுத்தது. சரபோஜியின் பெயரால் வழங்கும் மராத்தி தேவேந்திரக் குறவஞ்சியிலும் குறத்தியே உலக நிலப்பரப்பைக் கற்பிக்கிறாள். கோபர்நிக்கஸ் வழிவந்த வானியலும் சாஸ்திரியாரின் குறவஞ்சிக்குள் புகுந்தது. ஆக, குறவஞ்சி அவருக்குப் போதனையின் மேல் போர்த்திய சால்வையாக இருக்கவில்லை. பாடம் நடத்தும் முறையாகவே இருந்தது. வடிவம் பொருளையும் மாற்றியது: விசுவாசம் இங்கே பிரசங்க மேடையிலிருந்து இறங்கி, கூடை சுமந்து ஊர் ஊராக நடக்கும் பெண்ணாக வருகிறது.

சலித்தெடுக்கத் தெரிந்தவர்

தமிழ் வழக்கம் என்பதாலேயே எதையும் அவர் ஏற்றுக்கொண்டவர் அல்லர். 1814இல் எழுதிய சாஸ்திரக்கும்மியில் சகுனம், நாள் பார்த்தல் முதலிய நம்பிக்கைகளை வன்மையாகக் கண்டித்தார். அதற்குப் பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மியையே எடுத்துக்கொண்டார். வடிவத்தை வைத்துக்கொண்டு நம்பிக்கையைத் தள்ளினார். வழக்கங்களில் எது தங்கும், எது நீங்கும் என்று சலித்தெடுக்கும் திறன் அவரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரே மூட்டையாகக் கட்டியபோது

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தவும், ஆலயத்தில் தமிழிசையையும் விழாக்களில் பூக்களையும் விலக்கவும், சாதி வேறுபாட்டை ஒழிக்கவும் முற்பட்டனர். இவை அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்து, அத்தனையும் கொடுமை என்று எதிர்த்தார் சாஸ்திரியார். கும்மியில் கைவந்த சல்லடை இங்கே காணாமற்போனது. மறுதரப்பும் இதே பிழையைச் செய்தது: கீர்த்தனையும் பூச்சரமும் சாதியும் அவர்களுக்கு ஒரே வகையான அஞ்ஞானச் சின்னங்கள். எதிரெதிரே நின்றவர்கள், வழக்கம் என்பது பிரிக்க முடியாத ஒரே மூட்டை என்பதில் மட்டும் உடன்பட்டிருந்தார்கள். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியைக் கைவிடக் கட்டளையிட்டபோது பிளவு முற்றியது.

சாதி உலகியல் ஏற்பாடு, அது ஆன்மிகத்தைத் தொடாது என்பது வேளாளக் கிறிஸ்தவர் தரப்பின் வலுவான வாதம். அயலாரின் அவசரக் கட்டளைக்கு எதிரான சுயமரியாதையும் அதில் உண்டு. அதை மதிக்க வேண்டும். ஆனால் ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைக் கிண்ணத்தை யார் முதலில் பெறுவது என்பதே வழக்கானபின், சாதி ஆலய வாசலுக்கு வெளியே நிற்கிறது என்று சொல்ல வழியில்லை. கிண்ணத்தின் வரிசையே சாதியின் வரிசையானால், சாதி பலிபீடம்வரை வந்துவிட்டது.

தொட்ட கை

சாதி ஆன்மிகத்தைத் தொடாது என்ற வாதத்துக்கு மறுப்பு மிஷனரியின் சுற்றறிக்கையில் இருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குறவஞ்சியின் உச்சம் கைக்குறி. குறி சொல்ல வேண்டுமானால் குறத்தி தலைவியின் கையைப் பிடித்தாக வேண்டும். உயர்குலத் தலைவி கையை நீட்டுகிறாள்; ஊருக்கு வெளியே இருந்து வந்தவள் அதைத் தாங்கிப் பிடித்து, அவள் அறியாத நல்ல செய்தியை அவளுக்குச் சொல்கிறாள். விசுவாசத்துக்கு இந்தக் குறத்தியின் உருவைத் தேர்ந்தவர் சாஸ்திரியாரே.

நம்பிக்கையைப் பண்பாட்டோடு இணைப்பதைப் பேசும் இன்றைய ஆய்வுகள் இசையையும் வடிவத்தையும் மட்டும் கணக்கெடுத்தால், அவருடைய பிழையையே நாமும் திரும்பச் செய்வோம். எந்த வழக்கம் கையை நீட்டச் சொல்கிறது, எது இழுத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கவிராயர் 26 வயதில் எழுதிய நூலிலேயே அதற்கு விடை இருந்தது. பின்னாளில் அவர் அந்த விடையின் வழியில் நடக்கவில்லை.