பாடும் பங்கும்: டென்னிஸ் வரலாற்றில் ஒரு கேள்வி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களைப் பிரித்து, யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை சுமாரான இடத்துக்குப் போகவேண்டும். பொதுச்சொத்து பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இதைச் சமத்துவத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். தவறில்லை. ஆனால் மரபுப்படி சீட்டில் பெயர் ஏற மூன்று தகுதி வேண்டும்: பட்டினவராக இருக்கவேண்டும், அந்த ஊர்க் குடியாக இருக்கவேண்டும், கல்யாணமான ஆணாக இருக்கவேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குச் சீட்டு இல்லை. கரைக்கு வந்த மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பட்டினவர் பெண்ணுக்கும் இல்லை. அது 'ஆம்பளைங்க சமாச்சாரம்'. அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களுக்கிடையே சமத்துவம், வாசலிலோ காவல். நவீன விளையாட்டின் வரலாற்றை இந்தக் கரையில் நின்று வாசிக்கலாம்.

1968இல் டென்னிஸ் 'திறந்த' ஆட்டமானது. அமெச்சூர், தொழில்முறை என்ற பழைய வேலி விழுந்தது. பெரிய ஜனநாயகம் என்று கொண்டாடினார்கள். யாருக்குத் திறந்தது? அந்த ஆண்டு விம்பிள்டனில் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுன். அதே புல்தரையில் வென்ற பில்லி ஜீன் கிங்கிற்கு 750. 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியொன்றில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 என்று அறிவித்தபோது, கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் ஹூஸ்டனில் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி ஆடினார்கள். அடுத்தவன் பாட்டில் இடம் கேட்டு நிற்காமல் தங்களுக்கென்று ஒரு பாடு போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அமெரிக்க டென்னிஸ் சங்கம் அமெரிக்க வீராங்கனைகளை இடைநீக்கம் செய்தது.

அந்தப் பாட்டுக்குப் பணம் தந்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண் விடுதலை பேசி சிகரெட் விற்ற கம்பெனி. இதை மறைத்து வீரக்கதை எழுதுவது வரலாறு ஆகாது. இதையே காட்டி அந்தப் பெண்களின் துணிவைத் தள்ளிவிடுவதும் ஆகாது. வாசல் சாத்தியிருக்கும்போது முதலாளியம் திறக்கிற சன்னலுக்கு ஒரு விலை இருக்கும்.

1973இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அமெரிக்க ஓப்பன் அதே ஆண்டு சமப் பரிசு தந்தது. செப்டம்பர் 20இல், 55 வயது பாபி ரிக்ஸின் சவடாலை 29 வயது கிங் மூன்று நேர் செட்களில் முடித்துவைத்தார். விம்பிள்டன் சமப் பரிசு தர 2007 வரை ஆனது. வீனஸ் வில்லியம்ஸ் போன்றவர்கள் எழுதியும் பேசியும் சண்டையிட்ட பிறகுதான் அதுவும் நடந்தது.

நம் பக்கம் வருவோம். கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் இந்தியப் பெண்ணொருவர் நவீன காலத்தில் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்து ஹைதராபாத்தின் சானியா மிர்சா. 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கு முன் ஆண் ஆட்டக்காரர்களுக்குள் சண்டை. லியாண்டர் பயசுடன் ஆட மகேஷ் பூபதியும் ரோகன் போபண்ணாவும் மறுத்தார்கள். பயசைச் சமாதானப்படுத்த, கலப்பு இரட்டையரில் சானியாவை அவரோடு சேர்க்கும் பேரம் எழுந்தது. அந்த மாதம்தான் பூபதியுடன் பிரெஞ்சு ஓப்பன் கலப்புப் பட்டம் வென்றிருந்தார் அவர். நாட்டுக்காக யாருடனும் ஆடுவேன், ஆனால் ஒருவரைச் சாந்தப்படுத்த என்னைத் தூண்டில் இரையாக்கியது அவமானம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்.

'இரை' என்பதைக் கவனியுங்கள். இங்கே பரிசுத்தொகை பிரச்சினையே இல்லை. முடிவெடுக்கும் சீட்டில் அவர் பெயர் இல்லை. முடிவின் பொருளாக மட்டும் இருந்தார். பங்கு கேட்பது ஒரு போராட்டம். பங்கை யார் பிரிப்பது என்று கேட்பது இன்னொன்று. பின்னாளில் சானியா இரட்டையரில் உலக முதலிடம் (2015) பெற்றும், மொத்தம் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எட்டியும், இந்த இரண்டாவது கேள்வி தீரவில்லை.

பழவேற்காட்டிலும் அதுதான் கேள்வி. இருளர் பெண்ணின் கூடையில் எத்தனை இறால் என்று எண்ணினால் போதாது. சீட்டுப் போடும் இடத்தில் அவள் உட்காருகிறாளா என்று பார்க்கவேண்டும். சமத்துவத்தை அங்கிருந்து அளக்கத் தொடங்குவோம்.