நிலவறைக் குறிப்புகள்

ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவல். 1864இல், அவரும் அண்ணன் மிகயீலும் நடத்திய ‘எபோகா’ இதழில் வெளிவந்தது. கதைசொல்லி பீட்டர்ஸ்பர்க்கில் ஒதுங்கி வாழும் நாற்பது வயது முன்னாள் அரசு ஊழியர், பெயர் தரப்படவில்லை. தன் நலன் எதுவெனப் புரிந்தால் மனிதன் திருந்திவிடுவான் என்ற சமகால ரஷ்யச் சிந்தனையாளர் செர்னிஷெவ்ஸ்கியின் நம்பிக்கையை அவர் மூர்க்கமாக மறுக்கிறார்: கேடே விளைந்தாலும் சொந்த விருப்பம்தான் மனிதனுக்குப் பெரிது. அந்தச் சுதந்திரம் அவரை யாரோடும் சேர்ப்பதில்லை. தன்னைப் பொருட்படுத்தாத ஓர் அதிகாரிக்கு நெவ்ஸ்கி வீதியில் வழிவிடாமல் தோள் இடிப்பதற்காகவே, கடன் வாங்கிக் கோட்டுக்கு ரோமக் காலர் வைக்கிறார். மோதியும் அதிகாரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்நியமாதலை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி ரஷ்யப் புனைவில் அரிது. அன்போடு தேடிவரும் பாலியல் தொழிலாளி லீஸாவையும் பணம் திணித்து அவமதிக்கிறார். இறைநம்பிக்கையின் தேவையை உணர்த்திய பகுதிகளைத் தணிக்கையாளர்கள் வெட்டியதாகத் தஸ்தயேவ்ஸ்கி அண்ணனுக்கு எழுதினார். பின்வந்த பதிப்பிலும் அவை சேர்க்கப்படவில்லை.